சுகாதார நிலையப் பணி முடிந்தது: ஸ்கேன் ஏன் வாங்கவில்லை?

உறுப்பினர்கள் எல்லோருக்கும் வணக்கம். சுகாதார நிலைய வேலை ஒருவழியாக முடிந்து, திறந்தும் ஆயிற்று. "ஸ்கேன் இயந்திரத்துக்குத்தானே பணம் கொடுத்தோம், அது எங்கே?" என்று பலர் கேட்டிருக்கிறீர்கள். அதிலிருந்தே தொடங்குகிறோம்.

ஸ்கேன் வாங்கவில்லை. நம் திட்டத்தில் அதுதான் முதலில் இருந்தது, மறுக்கவில்லை. ஆனால் இடம் பார்க்கப் போன அன்று செவிலியர் பிரசவ அறையைத் திறந்து காட்டினார். மூலையில் ஒரு பிளாஸ்டிக் வாளி, அதில் மிதக்கும் ஒரு குவளை, அந்த அறைக்குத் தண்ணீர் அவ்வளவுதான். கை கழுவ, கருவி கழுவ, தரை கழுவ எல்லாவற்றுக்கும் அதே வாளி. பக்கத்து அறையில் எவரோ எப்போதோ நன்கொடையாகத் தந்த இயந்திரம் ஒன்று துணி போர்த்தி நின்றது. மின்னழுத்தம் ஏறி இறங்கியதில் உள்ளே ஏதோ எரிந்துபோய், உதிரிபாகமும் கிடைக்காமல் அப்படியே கிடக்கிறதாம். அதற்குத் துணையாக இன்னொன்றைக் கொண்டுபோய் நிறுத்த எங்களுக்கு மனம் வரவில்லை.

மருத்துவர்கள் கை கழுவினால் பிரசவக் காய்ச்சல் சாவுகள் குறையும் என்று வியன்னாவில் செம்மல்வைஸ் என்ற மருத்துவர் 1847-லேயே காட்டிவிட்டார். 1978-ல் அல்மா ஆட்டாவில் (இன்று கசகஸ்தானில் உள்ள அல்மாட்டி நகரம்) கூடிய நாடுகள் ஆரம்ப சுகாதாரத்துக்கு இன்னின்ன வேண்டும் என்று எழுதியபோது நல்ல தண்ணீரையும் அதில் சேர்த்தார்கள். அதற்கப்புறமும், உலகில் நான்கில் ஒரு சுகாதார நிலையத்தில் அடிப்படைத் தண்ணீர் வசதி இல்லை என்று உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் 2019-ல் கூறின. அந்த நான்கில் ஒன்றைத்தான் நாங்கள் நேரில் பார்த்தோம்.

ஆகவே பாதிக்கு மேல் பணம் தண்ணீருக்கே போனது. அதிலும் ஒரு தப்பு செய்தோம், ஒளிக்க வேண்டியதில்லை. தொட்டியைத் தாழ்வாக வைத்துவிட்டதால், தூரத்தில் இருக்கும் பிரசவ அறைக் குழாயில் நூல் மாதிரிதான் தண்ணீர் வந்தது. மேடையை உயர்த்திக் கட்ட ஒரு மாதம் கூடுதலாகப் பிடித்தது, செலவும் ஏறியது. இப்போது முழங்கையால் தள்ளித் திறக்கிற குழாய் போட்டிருக்கிறோம், கழுவிய கையால் மறுபடி குழாயைத் தொட வேண்டாம்.

அடுத்தது தடுப்பூசிப் பெட்டி. முன்பு இருந்தது வீட்டு ஃபிரிட்ஜ். பனிக்கட்டி படிந்த பின்சுவரை ஒட்டியே மருந்துக் குப்பிகளை அடுக்கியிருந்தார்கள். வெயிலில் மருந்து கெடும் என்பது எல்லோருக்கும் தெரியும், குளிரில் கெடும் என்று யாருக்குத் தோன்றும்? ரணஜன்னி, ஹெபடைடிஸ் பி மாதிரியான தடுப்பூசிகள் ஒருமுறை உறைந்தாலே வீண். செவிலியர் உறைந்து உருகிய குப்பி ஒன்றைக் குலுக்கி ஜன்னலோரம் வைத்தார். துகள் துகளாகத் திரிந்து, பார்த்துக்கொண்டிருக்கும்போதே அடியில் படிந்துவிட்டது. பார்த்தவர்கள் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. புதிய பெட்டி நேராகச் சூரிய ஒளி மின்சாரத்தில் ஓடுவது, பேட்டரி கிடையாது. பகலில் உள்ளே உறைய வைக்கும் பனிதான் இரவையும் மேகமூட்ட நாள்களையும் தாங்குகிறது. பேட்டரி இருந்தால் சில வருடங்களில் சாகும், அல்லது யார் வீட்டு விளக்குக்காவது போய்விடும். 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்கிறதா என்று தினமும் இரண்டு வேளை பார்த்து, கதவில் ஒட்டிய தாளில் எழுதுகிறார்கள்.

பயன்படுத்திய ஊசிகளை வீச மூடி போட்ட குழி, கிணற்றிலிருந்து தள்ளிக் கழிப்பறை, இரண்டும் முடிந்தன. சுற்றுச்சுவர் முடியவில்லை, அதற்குப் பணம் இல்லை.

மிச்சத் தொகையை பராமரிப்புக் கணக்கில் போட்டிருக்கிறோம்; குழாய் வாஷர், பம்பு பழுது, தொட்டி கழுவும் கூலி தவிர வேறு எதற்கும் அதைத் தொட முடியாது, எடுக்க மூன்று பேர் கையெழுத்து வேண்டும். நன்கொடையாளர் பெயர்ப் பலகை கேட்டவர்களுக்கு: அதற்கென்று விட்ட சுவரில் தொட்டி கழுவிய தேதிகளை எழுதத் தொடங்கிவிட்டார்கள். இதுவரை இரண்டு தேதிகள் இருக்கின்றன.