தேர்தல் அறிக்கையில் வினைமுற்றைப் பாருங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அரசு அலுவலகம் ஒன்றில், பொதுமக்கள் கொடுக்கும் மனுக்களுக்குப் பதில் எழுதும் பிரிவில் முப்பது ஆண்டுகளுக்குக் குறையாமல் உட்கார்ந்து எழுந்தவன் என்ற ஒரே தகுதியில் இக்கடிதத்தை எழுதுகிறேன். ‘தங்கள் கோரிக்கை பரிசீலனையில் உள்ளது’, ‘நிதிநிலைக்கு ஏற்ப ஆவன செய்யப்படும்’, ‘உரிய துறையின் கவனத்துக்குக் கொண்டு செல்லப்பட்டுள்ளது’ ஆகிய மூன்று வாக்கியங்களையும் என் கையால் எத்தனை ஆயிரம் முறை எழுதியிருப்பேன் என்பதற்குக் கணக்கில்லை. அவற்றில் எதுவும் பொய்யில்லை. எதிலும் வாக்குறுதியும் இல்லை. அரசியல் கட்சிகளின் தேர்தல் அறிக்கைகளைக் கையில் எடுக்கும்போதெல்லாம் அந்தப் பழைய நாற்காலிக்கே திரும்பிவிட்டதாக எனக்குத் தோன்றும்.

கட்சி எதுவானாலும், ஒவ்வொரு வரியிலும் கடைசியில் நிற்கும் வினைமுற்றை முதலில் பார்ப்பது என் வழக்கம். ‘வழங்கப்படும்’ என்பது ஒன்று, ‘வழங்க நடவடிக்கை எடுக்கப்படும்’ என்பது வேறொன்று. ‘மத்திய அரசை வலியுறுத்துவோம்’ என்றால் தில்லிக்குக் கடிதம் ஒன்று போகும் என்பதற்கு மேல் அதில் எதையும் எதிர்பார்க்க முடியாது. எங்கள் சேலம் உருக்காலை, மத்திய அரசின் பொதுத்துறை நிறுவனமான செயிலின் ஓர் அங்கம். அதைத் தனியாருக்கு விடமாட்டோம் என்று சட்டமன்றத் தேர்தல் அறிக்கை ஒன்று சொன்னால், ‘விடமாட்டோம்’ என்பதை அடித்துவிட்டு ‘வலியுறுத்துவோம்’ என்று பென்சிலால் எழுதிக்கொண்டுதான் படிக்க வேண்டும். சேலத்தின் காமலாபுரம் விமான நிலையத்தை விரிவாக்குவோம் என்றால், நிலம் எடுத்துக் கொடுப்பது மாநில அரசின் வேலை, ஓடுபாதை போடுவது இந்திய விமான நிலைய ஆணையத்தின் வேலை என்பதால், அந்த வாக்குறுதியில் பாதிதான் மாநிலக் கட்சிக்குச் சொந்தம். 1976-ல் 42-ஆவது திருத்தத்தின் மூலம் கல்வி, மத்திய அரசும் மாநில அரசும் சட்டம் இயற்றக்கூடிய பொதுப் பட்டியலுக்குப் போன பிறகு, நீட் தேர்வு பற்றிய வரிகளுக்கும் இதே பென்சில் தேவைப்படுகிறது.

இந்த விஷயத்தில் 1967-ஆம் ஆண்டுத் தேர்தல் முழக்கத்தை நான் இன்றும் மதிக்கிறேன். ரூபாய்க்கு மூன்று படி அரிசி ‘லட்சியம்’, ஒரு படி ‘நிச்சயம்’ என்று தி.மு.க. சொன்னது. அண்ணா முதலமைச்சரானதும் ரூபாய்க்கு ஒரு படி என்ற அளவில், சென்னையிலும் கோவையிலும் மட்டும் அது நடைமுறைக்கு வந்தது. அதைக் கேலி செய்தவர்கள் அன்றும் உண்டு. ஆனால் எது ஆசை, எது பொறுப்பு என்று இரண்டு சொற்களாகப் பிரித்துக் காட்டிய நேர்மை பிற்காலத்து அறிக்கைகளில் அரிதாகிவிட்டது. 2016-ல் மதுவிலக்கு ‘படிப்படியாக’ வரும் என்று அ.தி.மு.க. சொன்னது, பதவியேற்ற அன்றே 500 கடைகளை மூட உத்தரவும் வந்தது. அன்று மாநிலத்தில் ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட கடைகள் இருந்தன. அரிசியை அளந்த படிக்காவது ஓர் அளவு உண்டு, படிப்படிக்கு அது கிடையாது. அதேபோல், 2021-ல் தி.மு.க. சொன்ன மாதம் ஆயிரம் ரூபாய் என்பது மேடைகளில் ‘குடும்பத் தலைவிகளுக்கு’ என்றே ஒலித்தது. 2023 செப்டம்பர் 15 அன்று திட்டம் தொடங்கியபோது ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்துக்குள், மின்சாரம் ஆண்டுக்கு 3,600 யூனிட்டுக்குள் என்ற வரம்புகள் கூடவே வந்தன. வரம்பு வைத்தது தவறென்று நான் சொல்லவில்லை, வைத்தே ஆக வேண்டியிருக்கலாம். அந்த வரம்பு வாக்குக் கேட்டபோதே வாக்குறுதியோடு சேர்ந்து வந்திருக்க வேண்டும் என்பதே என் குறை.

மதுவிலக்கு என்றதும் சேலத்துக்காரர்களுக்கு நினைவுக்கு வர வேண்டிய தேதி ஒன்று இருக்கிறது. 1937 அக்டோபர் 1 அன்று சென்னை மாகாணத்தில் முதன்முதலாக மதுவிலக்கு வந்தது எங்கள் மாவட்டத்தில்தான். அதைக் கொண்டுவந்த ராஜாஜி அதற்கு இருபது ஆண்டுகளுக்கு முன் சேலம் நகராட்சியின் தலைவராக இருந்தவர். கள்ளிலும் சாராயத்திலும் வந்துகொண்டிருந்த வருவாய் நின்றுபோனால் அந்தப் பள்ளத்தை எதைக்கொண்டு நிரப்புவது என்ற கேள்விக்கு, 1939-ல் பொது விற்பனை வரி பதிலாக வந்தது. வணிகர்கள் கடுமையாக எதிர்த்தார்கள். அந்த வரி நல்லதா கெட்டதா என்பது வேறு வழக்கு. ஒரு வாக்குறுதிக்கு விலைச்சீட்டு உண்டு என்பதும், அதைக் கட்டப்போவது யார் என்பதும் மக்களுக்கு வெளிப்படையாகத் தெரிந்தது என்பதையே நான் கவனிக்கச் சொல்கிறேன்.

இன்று அதே வழி மாநிலத்துக்கு இல்லை. 2017 ஜூலை 1 முதல் சரக்கு மற்றும் சேவை வரி வந்துவிட்டதால், பெரும்பாலான பொருள்களின் வரி விகிதத்தை மத்திய, மாநில அமைச்சர்கள் கூடும் ஜி.எஸ்.டி. மன்றத்தில்தான் முடிவு செய்கிறார்கள். மாநிலம் தன் விருப்பப்படி விற்பனை வரி போடத் தக்கவையாக எஞ்சியிருப்பவற்றில் முக்கியமானவை பெட்ரோல், டீசல், மது. டாஸ்மாக் வழியாக மட்டும் ஆண்டுக்கு 40,000 கோடி ரூபாய்க்கு மேல் அரசுக்கு வருகிறது. எனவே ஒரே அறிக்கையின் ஒரு பக்கத்தில் மதுக்கடை மூடலும், மற்றொரு பக்கத்தில் பெட்ரோல் விலைக் குறைப்பும், மூன்றாவது பக்கத்தில் புதிய மாதாந்திர உதவித்தொகையும் இருந்தால், அந்த மூன்று பக்கங்களையும் கிழித்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்க வேண்டும். தனித்தனியாகப் படித்தால் மூன்றுமே இனிக்கும். எங்கள் வீட்டு மளிகைக் கணக்கு நோட்டில்கூட வரவு எழுதாமல் செலவு எழுதும் பழக்கம் இல்லை.

இதைக் கேட்பது வாக்காளரின் அதிகப்பிரசங்கித்தனம் அன்று. 2013 ஜூலையில் சுப்பிரமணியம் பாலாஜி வழக்கில் உச்ச நீதிமன்றம், தேர்தல் அறிக்கையில் தரும் வாக்குறுதி மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின்படி ஊழல் நடவடிக்கை ஆகாது என்று கூறினாலும், இதற்கென நெறிமுறைகளை வகுக்கும்படி தேர்தல் ஆணையத்துக்கு உத்தரவிட்டது. இலவசத் தொலைக்காட்சி, மிக்சி, கிரைண்டர் ஆகியவற்றை முன்வைத்து நம் மாநிலத்திலிருந்து போன வழக்கு அது. அதன்படி 2014-ல் நடத்தை விதிகளில் சேர்ந்த பகுதி, வாக்குறுதிக்கான காரணத்தையும் அதற்கான நிதியைத் திரட்டும் வழியையும் ஓரளவேனும் அறிக்கையில் காட்ட வேண்டும் என்கிறது. சட்டத்தின் வலு அதற்கு இல்லையென்றாலும், வாசலுக்கு வரும் வேட்பாளரிடம் கேட்பதற்கு அது போதும்.

எனக்கு இதைத் தெளிவாகப் புரிய வைத்தது ஏற்காட்டு மலைக்கிராமம் ஒன்றில் நடந்த பேச்சு. வண்டி போகும் பாதை முடிந்த இடத்திலிருந்து ஒன்றரைக் கிலோமீட்டர் நடந்து போனோம். மிளகுக் கொடிக்கு ஏணி சாய்த்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர், ஒவ்வொரு தேர்தலிலும் சாலை வாக்குறுதி வருவதைச் சொல்லிவிட்டு, “ரோடு போடுறோம்னுதான் எல்லாரும் சொல்றாங்க, அது எந்த ஆபீசுல நிக்குதுன்னு ஒருத்தரும் சொல்றதில்ல சார்” என்றார். அவர் கேட்டது முற்றிலும் சரி. இடையில் இருப்பது வனத்துறை நிலம். 1980-ஆம் ஆண்டின் வனப் பாதுகாப்புச் சட்டப்படி அனுமதி வாங்குவது நீண்ட வழி. 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டத்தின் 3(2) பிரிவில் சற்றுக் குறுகிய வழி ஒன்று உண்டு: சாலை, பள்ளி, குடிநீர் போன்ற வசதிகளுக்கு, ஒவ்வொன்றுக்கும் ஒரு ஹெக்டேருக்குக் குறைவான வன நிலத்தை, ஹெக்டேருக்கு 75 மரங்களுக்கு மேல் வெட்டாமல், கிராம சபையின் பரிந்துரையோடு பயன்படுத்தலாம். பழங்குடியினருக்கு ஒதுக்கப்பட்ட ஏற்காடு தொகுதியில் ‘மலைக்கிராமங்களுக்குச் சாலை வசதி செய்து தரப்படும்’ என்று எழுதும் கட்சி, எந்தக் கிராமம், எந்த வழி, கிராம சபைத் தீர்மானம் எப்போது என்று இன்னும் இரண்டு வரி எழுதினால் அந்தப் பெரியவருக்குப் பதில் கிடைத்துவிடும்.

தங்கள் நாளிதழுக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. அறிக்கை வெளியாகும் நாளில் ‘மகளிருக்கு என்ன, மாணவருக்கு என்ன’ என்று வண்ணக் கட்டம் கட்டி வெளியிடுகிறீர்கள். அதே கட்டத்தில், அது மாநில அரசின் அதிகாரத்தில் உள்ளதா, ஆண்டுக்கு என்ன செலவு என்று கட்சி சொல்லியிருக்கிறதா, இதே வரி அக்கட்சியின் சென்ற தேர்தல் அறிக்கையிலும் இருந்ததா என்ற மூன்று விவரங்களையும் சேர்த்து அச்சிடுங்கள். மாநிலம் முழுமைக்கும் இடம் போதாது என்றால், சேலம் மாவட்டத்தின் 11 தொகுதிகளைப் பற்றிய வரிகளுக்கு மட்டுமாவது, உள்ளூர்ச் செய்திப் பக்கத்தில் இடம் கொடுங்கள். பழைய அறிக்கைகள் சில என் டிரங்குப் பெட்டியில் கிடக்கின்றன. தேவைப்பட்டால் கொண்டுவந்து தருகிறேன். ஓரங்களில் பென்சில் குறிப்புகள் இருப்பதை மட்டும் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

தங்கள் உண்மையுள்ள,
ஓய்வுபெற்ற அரசு ஊழியர் ஒருவர்,
அம்மாபேட்டை, சேலம்.