அங்காரா, நான்கு கட்டம்

திருகோணமலை,
ஞாயிற்றுக்கிழமை பின்னேரம்

அன்புள்ள மகளுக்கு,

துருக்கியின் தலைநகர் அங்காரா. இஸ்தான்புல் அல்ல. சுகசேதிக்கு முன்னால் இதை எழுதிவிடுகிறேன். பிந்தினால் வெட்கத்தில் விட்டுவிடுவேன்.

நீ மறந்திருப்பாய். எட்டாம் வகுப்பில் படிக்கும்போது, தவணைச் சோதனைக்கு முதல் நாள் இரவு, "அப்பா, துருக்கியின்ர தலைநகர் எது?" என்று கேட்டாய். நான் பேப்பரில் இருந்து தலையைத் தூக்காமலே "இஸ்தான்புல்" என்றேன். விடைத்தாள் வந்தபோது அந்த இடத்தில் சிவப்புப் பேனையால் ஒரு வெட்டு. மூக்கை உறிஞ்சிக்கொண்டு கொண்டுவந்து காட்டினாய். எங்கிருந்து அவ்வளவு துணிவு வந்ததோ, "உங்கட ரீச்சருக்குத் தெரியாது பிள்ளை" என்றேன். நீயும் நம்பினாய். ஒரு புள்ளி போனது பெரிய விஷயமில்லை. ஆனால் அன்றிலிருந்து அந்த ரீச்சரைக் கோயிலில் காணும்போதெல்லாம், பாவம், விஷயம் தெரியாத மனுசி என்ற எண்ணத்தோடுதான் தலையாட்டியிருக்கிறேன்.

குட்டு உடைந்தது போன செவ்வாய்க்கிழமை. பேப்பரின் குறுக்கெழுத்துப் போட்டியில் இடமிருந்து வலம் 7: "துருக்கியின் தலைநகர்". நான்கு கட்டம். இஸ்தான்புல்லுக்கு ஆறு வேண்டும். கட்டம் போட்டவர் கணக்கில் பிழை விட்டுவிட்டார் என்று அம்மாவிடம் சொன்னேன். பேப்பர் கந்தோருக்கு ரெலிபோன் எடுப்போமா என்றுகூட யோசித்தேன். அம்மா தேங்காய் துருவிக்கொண்டே, "உங்களுக்குப் பிழைச்சிருக்காதோ?" என்றா. நாற்பது வருஷக் குடும்ப வாழ்க்கையில் இந்தக் கேள்விக்கு நான் ஒருநாளும் ஒழுங்காகப் பதில் சொன்னதில்லை.

அதே கட்டத்தில் இருந்து மேலிருந்து கீழ் இறங்குவது "முதுகில் மூன்று கோடு". அணில்தான், அதில் மறுபேச்சு இல்லை. அப்படியென்றால் துருக்கியின் தலைநகரும் 'அ'வில்தான் தொடங்க வேண்டும்.

உனக்கு ஆங்கிலக் கட்டங்கள்தான் பழக்கம், அதனால் சொல்கிறேன். தமிழில் கட்டம் நிரப்புவது வேறு விளையாட்டு. அங்கே 26 எழுத்து, எந்த எழுத்தும் சொல்லின் எந்த இடத்திலும் வந்து நிற்கும். எங்களிடம் 247. 'கோ' ஒரு கட்டம், 'க்' ஒரு கட்டம். இவ்வளவு எழுத்து இருப்பதால் இரண்டு சொல் ஒரே எழுத்தில் சந்திப்பதே அருமை. அதற்குள் இலக்கணம் வேறு வாசலில் காவல் நிற்கிறது. ஸ்பெயின் மாதிரி இரவல் பெயர்களை விட்டால், புள்ளி வைத்த எழுத்தில் ஒரு சொல்லும் தொடங்காது. உயிரெழுத்து சொல்லின் தலையில்தான் வரும், இடையில் வராது. ஆகவே ஒரு கட்டத்தில் 'அ' விழுந்தால், குறுக்கே போகிற சொல்லுக்கும் கீழே இறங்குகிற சொல்லுக்கும் அதுதான் தலை. நிரப்புகிற எனக்கு இது கைவிளக்கு, கட்டம் அமைக்கிறவருக்குத் தலையிடி. அவர்கள் தப்புவதற்குக் கண்டுபிடித்த வழிதான் குறிப்பின் கடைசியில் 'திரும்பியுள்ளது', 'குழம்பியுள்ளது' என்று போடுவது. கடல், 'ல்டக' என்று பின்பக்கம் காட்டிக்கொண்டு நிற்கும். நீ சின்னப் பிள்ளையாக இருந்தபோது "தேவலோக மங்கை, குழம்பியுள்ளாள்" என்று இருந்ததை வாசித்துவிட்டு, "ஏன் அம்மா ரம்பை குழம்பினவ?" என்று கேட்டது இன்றைக்கும் இந்த வீட்டில் பகிடி.

சரி, அங்காராவுக்கு வருகிறேன். உன் பழைய அட்லஸை அலுமாரிக்கு மேலிருந்து இறக்கினேன். கரப்பான் அரித்தது போக மிச்சத்தில் துருக்கி இருந்தது. நாட்டின் நடுவில், தலைநகருக்குரிய அடையாளத்தோடு, கொட்டை எழுத்தில் அங்காரா. பக்கத்து வீட்டுத் தம்பி போனில் பார்த்துச் சொன்னான், 1923 ஒக்டோபரிலேயே மாற்றிவிட்டார்களாம். நான் பிறக்கவே முந்தி. அங்கே தலைநகரை மாற்றி எழுபது வருஷத்துக்குப் பிறகு இங்கே நான் ஒரு ரீச்சரைக் குறை சொல்லியிருக்கிறேன்.

கூகிளில் தட்டினால் ஒரு நிமிஷத்தில் எல்லாம் வந்துவிடுமே, ஏன் மினக்கெடுகிறீர்கள் என்று நீ கேட்டாய். வரும். ஆனால் நானும் ஒழுங்கை முனை மாஸ்ரரும் ஒரு சட்டம் போட்டிருக்கிறோம். பின்னேரம் கடற்கரையில் சந்திக்கும் வரை போனைத் தொடுவதில்லை. பென்சில், அழிறப்பர், ஆட்களைக் கேட்பது, இவ்வளவுக்கும் அனுமதி. மாஸ்ரர் விஞ்ஞானம் படிப்பித்தவர், நான் கச்சேரியில் அரசாங்கக் கோவை புரட்டியவன். தனிமங்களும் பூச்சிகளும் வந்தால் அவர் முந்துவார். புராணமும் பழைய சட்டச் சொற்களும் என் பக்கம். போன மாதம் ஒருநாள் நாங்கள் இருவரும் 'மா' முதலெழுத்தா கடைசி எழுத்தா என்று வாய்ச்சண்டை போட்டுக்கொண்டிருக்க, பின்னால் வந்த ஒரு மான் வாங்கில் வைத்திருந்த பேப்பரின் மூலையைச் சப்பத் தொடங்கிவிட்டது. கோட்டைப் பக்கத்து மான்கள் இப்போது கடைத்தெரு வரைக்கும் வருகின்றன, வாழைப்பழத் தோலில் இருந்து பொலித்தீன் வரை ஒன்றும் விடுவதில்லை, பாவங்கள். இழுத்துப் பறித்துப் பார்த்தால் 'வலமிருந்து இடம்' முழுவதும் அதன் வயிற்றுக்குள்.

இன்னொரு நாள் கதை இது. குறிப்பு: "மை கக்கும், இதயம் மூன்று". நான்கு கட்டம். மை என்றதும் கணவாய் என்று எழுதிவிட்டேன். அந்த மூன்று இதயம்தான் மனதை அரித்தது. கணவாயைப் பிறந்த நாளில் இருந்து தின்கிறோம், ஒரு இதயத்தைக்கூடக் கண்டதில்லையே. காலையில் சந்தைக்குப் போய் அரைக் கிலோ வாங்கிவந்தேன். கிணற்றடியில் அம்மா கழுவ உட்கார்ந்தா. "ஓட்டைக் கழற்றாதே, நான் பார்க்க வேண்டும்" என்று கத்தியை வாங்கினேன். வயிற்றுப் பக்கம் கீறித் தோலை விரித்தால் இரண்டு பக்கமும் இறகு மாதிரி மென்மையான இரண்டு பூக்கள், அதுதான் பூ என்கிற செவுள். ஒவ்வொரு பூவின் அடியிலும் பயற்றங்கொட்டை அளவில் வெளிறிய ஒரு முடிச்சு. அவை இரண்டும் செவுளுக்கு இரத்தம் தள்ளுகிற இதயங்கள் என்று பின்னேரம் மாஸ்ரர் சொன்னார். மூன்றாவது நடுவில், உடம்புக்கு இரத்தம் அனுப்புவதற்கு. அதைத் தேடிப் போனபோதுதான் மைப்பையில் கத்தி பட்டது. என் கை, சாரம், கிணற்றுக்கட்டு எல்லாம் கறுப்பு. அம்மா சட்டியோடு நின்று பார்த்துவிட்டுச் சொன்னா: "மூன்று இதயம் இருந்தும் வலையிலதானே வந்து விழுந்தது. தாங்கோ, நேரம் போகுது." இரத்தத்தில் இரும்புக்குப் பதிலாகச் செம்பு இருப்பதால் கணவாய்க்கு நீல இரத்தமாம். நான் கண்டது மை மட்டும்தான். கறி நன்றாக இருந்தது.

நீ போன கிறிஸ்மசுக்கு அனுப்பிய ஆங்கிலக் குறுக்கெழுத்துப் புத்தகத்தில் புதிர்கள் எனக்கு எட்டவில்லை, முன்னுரையை மட்டும் இரண்டு தரம் வாசித்தேன். லிவர்பூலில் பிறந்த ஆர்தர் வின் என்பவர்தான் 1913 டிசம்பர் 21 ஆம் திகதி நியூயோர்க் வேர்ல்ட் பத்திரிகையில் முதலாவதைப் போட்டாராம். வைர வடிவம், நடுவில் ஓட்டை. அவர் வைத்த பெயர் 'வேர்ட் குரொஸ்'. சில வாரத்தில் அச்சுக் கோக்கிறவர் மாற்றிப் போட்டு 'குரொஸ் வேர்ட்' ஆகிவிட்டது. பெயரே திரும்பியுள்ளது, பார்.

அதைவிட என்னைப் பிடித்தது 1944 கதை. லண்டன் டெய்லி டெலிகிராப்பில் கட்டம் போட்டுவந்த லெனர்ட் டோ ஒரு பள்ளிக்கூட அதிபர். நேசநாட்டுப் படைகள் நோர்மண்டியில் இறங்குவதற்குச் சற்று முந்தி அவருடைய விடைகளில் யூட்டா, ஒமாஹா, மல்பெரி, நெப்டியூன், ஓவர்லோர்ட் என்று அந்தப் படையிறக்கத்தின் இரகசியச் சொற்கள் ஒன்றன் பின் ஒன்றாக வந்துவிட்டன. புலனாய்வுக்காரர் வீடு தேடி வந்து விசாரித்தார்கள், பிறகு விட்டுவிட்டார்கள். பக்கத்து முகாம் சிப்பாய்களின் வாயில் கேட்ட சொற்களைப் பையன்கள் அவரிடம் கொடுத்திருக்கலாம் என்று பல வருஷம் கழித்து அவருடைய மாணவர் ஒருவர் சொன்னாராம். இதை வாசித்துக் காட்டியபோது மாஸ்ரர் கொஞ்ச நேரம் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார். "எங்கட ஊரில அந்த நாளையில ஒரு துண்டுக் கடதாசியில கட்டம் கீறி வைச்சிருந்தாலே காணும்" என்றார். நானும் ஒன்றும் சொல்லவில்லை.

உனக்கு ஒரு வேலை இருக்கிறது. "கப்பல் கட்ட உகந்த மரம்", மூன்று கட்டம், தேக்கு. சின்னக் குறிப்புத்தான், ஆனால் அதில் இருந்து ஒரு கப்பல் வந்தது. எங்கள் ஊர்ப் பெயரில் ஆங்கிலேயக் கடற்படைக்கு ஒரு போர்க்கப்பல் இருந்ததாம். பம்பாயில், ஜம்சேட்ஜி பொமன்ஜி வாடியாவின் கட்டுமானத்தில், தேக்கு மரத்தில் செய்து 1817 ஒக்டோபரில் கடலில் இறக்கியது. அதன் வரைபடத்தை ஏற்றிவந்த கப்பலை வழியில் அமெரிக்கர்கள் பிடித்ததில் வேலை பிந்தியதாம். 1782 இல் இந்தக் குடாவுக்கு வெளியே பிரெஞ்சுக்காரரும் ஆங்கிலேயரும் மோதி, யாரும் வெல்லாமல் போன சண்டையின் நினைவுக்கு வைத்த பெயர். இருநூறு வருஷம் தாண்டியும் கப்பல் மிதக்கிறது, ஹார்ட்டில்பூலில். நியூகாசிலில் இருந்து ரெயினில் ஒரு மணித்தியாலம்கூட இல்லை என்று தம்பி பார்த்துச் சொன்னான். பேரனையும் கூட்டிக்கொண்டு போய், அந்தப் பலகையை ஒருமுறை தொட்டுப் பார்த்துவிட்டு எழுது. ஊர்ப் பெயர் எழுதியிருக்கும் இடத்தைப் படம் பிடித்து அனுப்பு, மாஸ்ரருக்குக் காட்ட வேண்டும்.

வெள்ளிக்கிழமை பத்திரகாளி கோயிலில் ரீச்சரைக் கண்டேன். செருப்பு விடும் இடத்தில் வைத்து விஷயத்தைச் சொல்லிவிட்டேன். அவவுக்கு உன்னை நினைவிருக்கிறது, அந்த வெட்டு நினைவில்லை. "அந்த வருஷம் பாதி வகுப்பு அப்பிடித்தான் எழுதியிருக்கும். எல்லார் வீட்டிலயும் அப்பாமார் இருந்தவைதானே" என்று சொல்லிச் சிரித்தா. உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னா.

அம்மாவுக்கு முழங்கால் பரவாயில்லை. மாமரம் இந்த முறை நன்றாகப் பூத்திருக்கிறது.

இன்றைய கட்டத்தில் ஒன்று மட்டும் மிச்சம். மேலிருந்து கீழ் 16: "இங்கிலாந்தின் ஓர் ஆறு". இரண்டே கட்டம், இரண்டாவது 'ன்'. தேம்ஸ் அடங்காது. நீ தினமும் வேலைக்குப் போகும்போது பாலத்தால் கடக்கிற ஆற்றின் பெயரை ஒருமுறை சொன்னாய் என்று அம்மா சொல்கிறா, ஆனால் அவவுக்கும் வாயில் வரவில்லை. போனில் தேட எனக்கு அனுமதியில்லை, ஆட்களைக் கேட்கலாம். மாஸ்ரர் ஐந்தரைக்கு வருவார். இந்தக் கடிதம் உனக்கு வந்து சேர எத்தனை நாளாகுமோ, இதற்கு மட்டும் இப்போதே ஒரு கோல் எடுக்கிறேன்.

அன்புடன்,
அப்பா