நடந்தே வாருங்கள், சாமி

அன்புள்ள மருமகனுக்கு,

சாமி சரணம். கார்த்திகை முதல் தேதி மாலை போட்டதாக அக்கா சொன்னது. மாலை கழற்றும்வரை நீங்கள் எனக்கும் சாமிதான். வா, போ எல்லாம் அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.

போனில் நீங்கள் கேட்டது நியாயமான கேள்வி. பெங்களூரில் ராத்திரி வேன் ஏறினால் மறுநாள் நிலக்கல், அங்கிருந்து பஸ்ஸில் பம்பை, மலையேறி சபரிமலையில் தரிசனம். திங்கட்கிழமை வேலைக்கும் போய்விடலாம். அப்படியிருக்க, கம்பத்திலிருந்து குமுளி, வண்டிப்பெரியார், குட்டிக்கானம், முண்டக்கயம் என்று எருமேலி வரை நடந்து, அதற்கு மேல் காட்டுவழியான பெரிய பாதையிலும் எதற்காக நடக்க வேண்டும்? போனில் பேசினால் பாதியில் நின்றுவிடும் என்றுதான் எழுதுகிறேன். எல்லா நாளையும் எழுதப்போவதில்லை. முதல் நாள் மட்டும் போதும். நம் வீட்டு வாசலிலிருந்து குமுளி வரை, சுமார் 22 கிலோமீட்டர்.

விடியற்காலை மூன்று மணிக்கே குளித்துச் சரணம் சொல்லிக் கிளம்பிவிடுவோம். வெறுங்காலுக்குப் பத்து மணிக்கு மேல் தார் சுடும், அதற்குள் மலையில் ஏறிவிட வேண்டும். கூடலூர் வரை சமதளம்தான். இரண்டு பக்கமும் திராட்சைப் பந்தலும் தென்னையும் நெல்லுமாக நம் வயற்காடு. அந்த நேரத்தில் ரோட்டில் நமக்குத் துணை ஜீப்புகள். கேரளத்து ஏலத்தோட்டங்களுக்கு நம் பக்கத்துப் பெண்கள் தினமும் இப்படித்தான் இருட்டில் போகிறார்கள். ஒருமுறை ஒரு ஜீப் எங்கள் பக்கத்தில் வந்து நின்றது. பின்னால் உட்கார்ந்திருந்த ஒரு அம்மா மடியில் தூக்குவாளியை வைத்துக்கொண்டு முந்தானை முடிச்சை அவிழ்க்கப் பார்த்தார். முடிச்சு இறுகிப்போயிருந்தது. கடைசியில் பல்லால் கடித்து இழுத்து, உள்ளேயிருந்து பத்து ரூபாயை எடுத்து, "என் பேரைச் சொல்லி உண்டியல்ல போட்டுருங்க சாமி" என்று கொடுத்தார். டிரைவர் ஹாரன் அடிக்காமல் காத்திருந்தார். கட்டிய இருமுடியை வழியில் பிரிக்கக் கூடாது. அதனால் இடுப்புத் துண்டில் முடிந்து சன்னிதானம் வரை கொண்டுபோனோம். வேனில் போகிறவரை நிறுத்தி அந்த அம்மா எப்படிக் கொடுத்திருப்பார்?

எட்டு மணி வாக்கில் மலையடிவாரத்து லோயர் கேம்ப். இங்கே ஒரு அரைமணி நேரம் உட்கார வேண்டும், காலுக்காக மட்டும் இல்லை. தலையை நிமிர்த்தினால் மலைச்சரிவில் நான்கு பெரிய குழாய்கள் இறங்கி வருவது தெரியும். அவை வந்து சேரும் இடம் மின்நிலையம். பெரியாறு மேற்கே ஓடி அரபிக்கடலில் விழ வேண்டிய ஆறு. 1895-இல் வெள்ளைக்கார இன்ஜினியர் பென்னிகுயிக் கட்டி முடித்த அணையில் அதைத் தேக்கி, மலையைக் குடைந்த சுரங்கம் வழியாகக் கிழக்கே திருப்பினார்கள். அந்தத் தண்ணீர்தான் இந்தக் குழாய்களில் இறங்கி, மின்சாரம் எடுத்தபின் முல்லைப்பெரியாறாக நம் ஊரைத் தாண்டி வைகைக்குப் போகிறது. கம்பம் பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கர் இருபோக நெல் இதை நம்பித்தான் இருக்கிறது. மதுரைக்காரர்கள் குடிப்பதும் இதைத்தான். உங்கள் தாத்தா மடை திறந்து பாய்ச்சியதும், நீங்கள் சின்ன வயதில் வாய்க்காலில் குதித்ததும் இந்தத் தண்ணீரில். 2013-இல் திறந்த பென்னிகுயிக் மணிமண்டபமும் அங்கேயே இருக்கிறது. நம் குழுவில் எல்லோரும் உள்ளே போய்க் கும்பிட்டுவிட்டுத்தான் ஏறுவோம். ஜனவரி 15, அவர் பிறந்த நாளுக்குப் பொங்கல் வைக்கிற ஊர்க்காரர்கள் நாம், தாண்டிப் போக மனசு வராது.

உங்கள் கேள்விக்கு என் பதில் இங்கேதான் இருக்கிறது, சாமி. நம்மை வளர்த்த தண்ணீர் இறங்கி வருகிற மலையில், அது வரும் திசையைப் பார்த்து நாம் ஏறுகிறோம். நாம் போய்க் குளிக்கப்போகிற பம்பையும் அந்தப் பீர்மேட்டு மலைகளில் பிறக்கிற ஆறுதான். அங்கே முங்கி எழும்போது எந்த மலையின் தண்ணீர் என்று தெரிந்து முங்க வேண்டும். நடந்து போனால் அதைக் கால் சொல்லிக் கொடுத்துவிடும்.

இனி ஏற்றம். கம்பத்துக்கும் குமுளிக்கும் உயரத்தில் சுமார் 500 மீட்டர் வித்தியாசம், அதில் பெரும்பகுதி இந்த ஆறேழு கிலோமீட்டரில். அக்கா பயப்படுவது வண்டிகளை நினைத்து, அந்தப் பயம் சரியானது. சீசன் நெரிசலில் சபரிமலை போகிற வண்டிகளை இன்னொரு மலைப்பாதையான கம்பம்மெட்டு வழியாக ஏற்றி, திரும்பி வருகிறவற்றைக் குமுளி வழியாக இறக்கிவிடுவார்கள். தரிசனம் முடித்து, தூங்காத கண்ணோடு வண்டி ஓட்டுகிறவர்கள் நமக்கு எதிரே வருவார்கள். அதனால் வலது ஓரம், ஒருவர் பின் ஒருவராக, வருகிற வண்டியைப் பார்த்தபடி நடக்க வேண்டும். பையில் ஒளிரும் ஸ்டிக்கர் கட்டாயம். கொண்டை ஊசி வளைவில் மட்டும் நின்று, காதுகொடுத்து, பிறகு காலை எடுத்து வையுங்கள்.

புதிதாகத் தார் போட்ட இடங்களில் பொடி ஜல்லி உள்ளங்காலில் பதிந்துகொள்ளும். உதறிவிட்டு ஓடத் தோன்றும். ஓடக் கூடாது. முழுப் பாதத்தையும் பதித்துச் சின்னச் சின்ன அடியாக வைத்தால் குத்தல் குறையும். இருமுடி தலையில் இருப்பதால் கழுத்து தானாக நேராகிவிடும், மூச்சும் ஒழுங்காக வரும். இறக்கி வைக்க வேண்டுமென்றால் குருசாமியைக் கூப்பிடுங்கள், நீங்களாக இறக்க வேண்டாம். கொப்புளம் வந்தால் உடைக்காதீர்கள். குரங்குகள் கையைப் பார்த்து வரும், ஒன்றும் கொடுக்காதீர்கள்.

பாதி வழியில் இரைச்சல் பாலம். தண்ணீர் திறந்துவிட்டிருந்தால் நாம் போடுகிற சரணகோஷம் பக்கத்துச் சாமிக்கே கேட்காது. அந்தச் சத்தத்துக்குள் வாய் மட்டும் அசைந்து நடக்கிற சாமிகளைப் பார்த்திருக்கிறேன், ஒருவர்கூட நிறுத்தியதில்லை. வருடம் முழுக்க அந்த ரோட்டில் பஸ்ஸில் போய்வருகிற எனக்கு, அந்த இரைச்சல் உடம்புக்குள் இறங்குவது நடக்கிற அன்றைக்கு மட்டும்தான்.

குமுளியில் செக்போஸ்ட்டைத் தாண்டினால் கேரளம். போர்டில் எழுத்து மாறும், கடைகளில் ஏலக்காய் வாசனையும் நேந்திரம் சிப்ஸ் வறுக்கிற வாசனையும் வரும், பேச்சு பாதிக்குப் பாதி நம் தமிழ்தான். அங்கே விரி போட்டுப் படுத்துவிடுவோம். அன்றைக்கு அதற்கு மேல் நடை கிடையாது.

மற்ற நாட்களைப் பற்றி நேரில் பேசலாம். ஒன்று மட்டும் இப்போதே சொல்கிறேன். பெரிய பாதையில் அழுதை ஆற்றில் கல் எடுத்து, கல்லிடும் குன்றில் போட்டுவிட்டுக் கரிமலை ஏறும்போது, முதல்முறை மாலை போட்ட கன்னிசாமிகளில் திணறுகிறவர்கள் பெரும்பாலும் வண்டியில் வந்து நேரே அந்தப் பாதையில் இறங்கியவர்கள். உங்களைவிட வயதில் மூத்த, உடம்பில் நொந்த சாமிகள் குமுளியை ஏறிவிட்டு வந்து கரிமலையை நிதானமாக ஏறுகிறார்கள்.

லீவை இப்போதே எழுதிக் கொடுத்துவிடுங்கள். கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்பே ஊருக்கு வந்துவிட்டால் நல்லது. நெய்த்தேங்காயில் நெய் ஊற்றும்போது அக்கா பக்கத்தில் இருக்க ஆசைப்படுகிறது. அதுவரை தினமும் சாயங்காலம் ஒரு மணி நேரமாவது செருப்பில்லாமல் நடந்து பழகுங்கள். மொட்டைமாடி வேண்டாம், ரோட்டிலேயே. முடிவு செய்ததும் ஒரு போன் போடுங்கள், குருசாமியிடம் பெயர் கொடுக்க வேண்டும்.

சாமியே சரணம் ஐயப்பா.

அன்புடன்,
மாமா