உள்நாட்டுப் போர்களில் வெளியார் தலையீடு: பாதுகாப்புச் சபைக்கு ஒரு திறந்த மடல்

ஐக்கிய நாடுகள் பாதுகாப்புச் சபையின் உறுப்பு நாடுகளுக்கும், குறிப்பாக அதில் நிரந்தர இடம் பெற்றுள்ள ஐந்து நாடுகளுக்கும் வணக்கம்.

ஒரு நாட்டில் உள்நாட்டுப் போர் மூண்டால் பிற நாடுகள் அதில் தலையிடலாமா, கூடாதா என்ற விவாதம் தங்கள் அவையில் ஒவ்வொரு முறையும் முதலிலிருந்தே தொடங்குகிறது. ஒரு சாரார் இறையாண்மையைப் பேசுகிறார்கள், மறுசாரார் மனிதாபிமானத்தைப் பேசுகிறார்கள். பேசி முடிப்பதற்குள் ஊர்கள் எரிந்துவிடுகின்றன. வெளியார் எவரும் உள்ளே இல்லை, இனிமேல்தான் போவதா வேண்டாமா என்று முடிவெடுக்க வேண்டும் என்பதுபோல இந்த விவாதம் நடப்பதுதான் என் முதல் மனக்குறை. படை போவதற்கு வெகு முன்பே ஆயுதமும் பணமும் கூலிப்படையும் போய்விடுகின்றன. ஆகவே, எப்போது நுழையலாம் என்று கேட்பதற்கு முன், ஏற்கெனவே உள்ளே இருக்கும் கைகளை எப்படி வெளியே எடுப்பது என்று தாங்கள் கேட்க வேண்டும்.

சூடானைப் பாருங்கள். 2023 ஏப்ரல் 15 அன்று நாட்டின் இராணுவத்துக்கும் துரித ஆதரவுப் படை என்ற துணை இராணுவத்துக்கும் இடையே தொடங்கிய சண்டையில் இலட்சக்கணக்கானோர் வீடிழந்தார்கள். 2024 ஆகஸ்டில், வீடிழந்தோர் தங்கியிருந்த ஸம்ஸம் முகாமில் பஞ்சம் நிலவுவது உறுதிசெய்யப்பட்டது. நாட்டின் மேற்கிலுள்ள தார்ஃபூர் பகுதிக்கு ஆயுதம் அனுப்பக் கூடாது என்ற தங்கள் தடை 2004 முதலே நடைமுறையில் இருக்கிறது. ஆனால் அது தார்ஃபூருக்கு மட்டுமே பொருந்தும், நாட்டின் பிற பகுதிகளுக்குப் பொருந்தாது. ஐக்கிய அரபு அமீரகத்திலிருந்து சாட் வழியாகத் துரித ஆதரவுப் படைக்கு ஆயுதம் போகிறது என்ற குற்றச்சாட்டு நம்பத்தகுந்தது என்று தாங்களே அமைத்த வல்லுநர் குழு 2024 தொடக்கத்தில் அறிக்கை தந்தது. அமீரகம் அதை மறுத்தது. அந்த மறுப்போடு விவகாரம் அடங்கிப்போனது. 2024 ஜூனில், தார்ஃபூரின் எல் ஃபாஷர் நகரின் முற்றுகையைத் துரித ஆதரவுப் படை கைவிட வேண்டும் என்று 2736-ஆம் தீர்மானத்தின் வழியே கோரினீர்கள். கோரிக்கையை மீறினால் என்ன ஆகும் என்று அதில் ஒரு வரியும் இல்லை. 2025 அக்டோபர் 26 அன்று நகரம் அந்தப் படையிடம் வீழ்ந்தது, கொலைகள் தொடர்ந்தன. இதை எவரேனும் தலையிடாமையின் விளைவு என்று சொன்னால் ஏற்க முடியாது. கொல்பவர்களுக்கு உதவி வந்துகொண்டே இருந்தது. கொல்லப்படுபவர்களுக்குத்தான் எவரும் வரவில்லை.

பிற நாட்டின் உள்விவகாரத்தில் கைவைக்கக் கூடாது என்ற கொள்கையை நான் இகழவில்லை. ஐ.நா. சாசனத்தின் 2-ஆம் உறுப்பில் அது எழுதப்பட்டிருப்பதற்குக் காரணம் உண்டு. அந்நிய ஆட்சியின் கீழ் நெடுங்காலம் இருந்து மீண்ட சிறிய நாடுகளுக்கு அந்த ஒரு வரிதான் காப்பு. வல்லரசு ஒன்று நன்மை செய்ய வருகிறேன் என்று சொல்லும்போது அந்நாடுகளின் மக்கள் அஞ்சுவது நியாயமானது. லிபியாவில் நடந்தது அந்த அச்சத்தை வலுப்படுத்தியது. 2011 மார்ச் 17 அன்று தாங்கள் நிறைவேற்றிய 1973-ஆம் தீர்மானம் பொதுமக்களைக் காக்க மட்டுமே அனுமதி தந்தது. பத்து நாடுகள் ஆதரித்தன, ஐந்து நாடுகள் வாக்களிக்காமல் விலகி நின்றன. கிளர்ச்சியாளர்களின் கையிலிருந்த பெங்காசி நகரம் அன்று உண்மையாகவே ஆபத்தில் இருந்தது என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் மேற்கு நாடுகளின் இராணுவக் கூட்டணியான நேட்டோவின் விமானங்கள் அந்த நகரத்தைக் காத்ததோடு நிற்கவில்லை. கிளர்ச்சியாளர்கள் தலைநகரைப் பிடிக்கும் வரை பறந்தன. அக்டோபரில் லிபியாவை ஆண்டுவந்த கடாஃபி கொல்லப்பட்ட சில நாட்களில் பணி முடிந்தது என்று அறிவித்துத் திரும்பிவிட்டன. அதன்பின் இரண்டு அரசுகளும் எண்ணற்ற ஆயுதக் குழுக்களுமாக நாடு சிதறியது, லிபியாவின் ஆயுதங்கள் பாலைவனம் கடந்து மாலி வரை போயின. காப்பதற்குப் பெற்ற அனுமதியை ஆட்சியைக் கவிழ்ப்பதற்குச் செலவிட்டதன் விலையை லிபிய மக்கள் மட்டும் கொடுக்கவில்லை. அடுத்து சிரியாவில் உதவி கேட்டவர்களுக்கு இந்த அவையின் கதவு அடைபட்டதற்கும் அதுவே சாக்காக அமைந்தது.

ஆனாலும் லிபியாவைக் காட்டி ருவாண்டாவை மறக்கச் சொல்வது அநியாயம். அங்கிருந்த ஐ.நா. அமைதிப்படையின் தளபதி ரோமியோ டல்லேர் 1994 ஜனவரி 11 அன்றே, ஆயுதங்கள் பதுக்கப்பட்டிருக்கின்றன, கொலைக்குத் திட்டம் நடக்கிறது என்று நியூயார்க்குக்குத் தந்தி அனுப்பினார். அந்த ஆயுதங்களைக் கைப்பற்ற அவருக்கு அனுமதி மறுக்கப்பட்டது. ஏப்ரலில் துட்சி இனத்தவரைக் குறிவைத்த கொலைகள் தொடங்கியபின், தலைநகர் கிகாலியில் ஒரு தொழிற்கல்விப் பள்ளியில் அமைதிப்படையின் பெல்ஜியப் படையினர் இருந்ததை நம்பி ஏறத்தாழ 2,000 பேர் அங்கே தஞ்சம் புகுந்தார்கள். கொலைகாரர்கள் பள்ளிக்கு வெளியே காத்திருந்தார்கள். ஏப்ரல் 11 அன்று அந்தப் படையினருக்குத் திரும்பி வரும்படி உத்தரவு வந்தது, அவர்கள் வண்டிகளில் ஏறிப் போனார்கள். தஞ்சம் புகுந்தவர்களில் பெரும்பாலோர் அன்றே கொல்லப்பட்டார்கள். பத்து நாட்கள் கழித்து, சுமார் 2,500 பேர் கொண்ட அமைதிப்படையை 270 ஆகக் குறைக்கத் தாங்கள் வாக்களித்தீர்கள். கொலையைத் திட்டமிட்ட அரசின் பிரதிநிதி அப்போது தங்கள் அவையிலேயே ஓர் உறுப்பினராக அமர்ந்திருந்தார். நூறு நாட்களில் ஏறத்தாழ எட்டு இலட்சம் பேர் மாண்டார்கள். அங்கே தேவைப்பட்டது படையெடுப்பு அன்று. ஏற்கெனவே நின்றுகொண்டிருந்த படை நின்ற இடத்தில் நிற்க ஓர் அனுமதி மட்டுமே.

இந்த இரண்டு பிழைகளையும் ஒருசேர அனுபவித்த மண் இலங்கை என்பதைத் தமிழில் எழுதுகிற எவராலும் சொல்லாமல் இருக்க முடியாது. 1987 ஜூலை ஒப்பந்தத்தின்படி அமைதி காக்க வந்த இந்தியப் படை சில மாதங்களிலேயே போரின் ஒரு தரப்பாகிவிட்டது. அவ்வாண்டு அக்டோபர் 21, 22 தேதிகளில் யாழ்ப்பாணம் மருத்துவமனைக்குள் மருத்துவர்களும் செவிலியர்களும் நோயாளிகளுமாக 60-க்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள். இந்தியாவும் தன் வீரர்களில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களை இழந்து 1990 மார்ச்சில் வெளியேறியது. 2009-இல் நடந்தது இதற்கு நேர்மாறு. அரசு தானே அறிவித்த பாதுகாப்பு வலயங்களுக்குள் மக்கள் எறிகணைகளுக்கு இரையானபோது, அந்தப் போர் தங்கள் அவையின் முறையான நிகழ்ச்சி நிரலில் இடம்பெறவே இல்லை. அங்கே ஐ.நா. தன் கடமையில் தவறியது என்று ஐ.நா.வின் உள் ஆய்வுக் குழுவே 2012-இல் ஒப்புக்கொண்டது. உயிர்கள் போனபின் வந்த அந்த ஒப்புதலால் முள்ளிவாய்க்காலில் எவருக்கும் பயனில்லை.

சரியாகச் செய்த இடமும் உண்டு. சியரா லியோனில் 2000 மே மாதம் பிரிட்டன் அனுப்பிய படை, கிளர்ச்சியாளர்களிடமிருந்து தலைநகரைக் காப்பாற்றி, அங்கே தடுமாறிக்கொண்டிருந்த ஐ.நா. படைக்கு முட்டுக் கொடுத்தது. அதை மட்டும் பாராட்டுகிறவர்கள் மற்றொரு பாதியை விட்டுவிடுகிறார்கள். அதே ஆண்டு ஜூலையில் கிளர்ச்சியாளர்களின் வைரத்துக்குத் தடை விதித்தீர்கள். மறு ஆண்டு, அவர்களுக்கு ஆயுதம் கொடுத்துவந்த லைபீரியாவின் மீதும் தடை விதித்தீர்கள். 2002 ஜனவரியில் போர் முடிந்ததாக அறிவிக்கப்பட்டது. அரசின் இசைவோடு வந்த படை, எண்ணிக்கையில் வலுவான ஐ.நா. படை, ஆயுதக் களைவு, எரியும் அடுப்பிலிருந்து விறகை இழுப்பதுபோல வெளியிலிருந்து வந்த வைரப் பணத்தின் நிறுத்தம் ஆகிய இவை எல்லாம் சேர்ந்துதான் அந்தப் போரை அணைத்தன.

எனவே தங்களிடம் நான் கேட்பது இது. உள்நாட்டுப் போரில் யார் ஆள வேண்டும் என்று முடிவெடுக்க எந்த வெளிநாட்டுக்கும் உரிமை இல்லை என்பதில் உறுதியாக இருங்கள். அதே உறுதியோடு, கூட்டக் கொலையிலிருந்து மக்களைக் காப்பது 2005 உலக உச்சி மாநாட்டில் தங்கள் நாடுகள் அனைத்தும் ஏற்றுக்கொண்ட பொறுப்பு என்பதையும் நினைவில் வையுங்கள். படை அனுப்பியே ஆக வேண்டிய நிலை வந்தால், அதன் எல்லை, கால அளவு, யாரிடம் கணக்குச் சொல்ல வேண்டும் என்பவற்றைத் தீர்மானத்திலேயே எழுதுங்கள். எல்லை மீறினால் அனுமதியைத் திரும்பப் பெறும் வழியையும் எழுதுங்கள். கூட்டக் கொலை நடக்கும்போது அதைத் தடுக்கும் நம்பகமான தீர்மானத்துக்கு எதிராக வாக்களிப்பதில்லை என்ற நடத்தை நெறியை 120-க்கும் மேற்பட்ட நாடுகள் ஏற்றிருக்கின்றன. நிரந்தர உறுப்பினர்களில் பிரான்சும் பிரிட்டனும் மட்டும் ஏற்றன. அமெரிக்காவும் ரஷ்யாவும் சீனாவும் ஏன் ஏற்கவில்லை என்பதைப் பொது அமர்வில் விளக்க வேண்டும். 2024 நவம்பரில் சூடானில் பொதுமக்களைக் காக்கக் கோரிய வரைவுத் தீர்மானத்தைப் பதினான்கு நாடுகள் ஆதரித்தும் ஒரே ஒரு ரஷ்ய வீட்டோ, அதாவது நிரந்தர உறுப்பினரின் தடுப்பு வாக்கு, வீழ்த்தியதை உலகம் பார்த்துக்கொண்டுதான் இருந்தது.

அதற்கெல்லாம் முன்பாக, ஒரு போர்வீரனைக்கூட அனுப்பாமல் தங்களால் செய்ய முடிந்த ஒன்று இருக்கிறது. தார்ஃபூருக்கான ஆயுதத் தடை மீண்டும் புதுப்பிப்புக்கு வரும்போது அதைச் சூடான் முழுமைக்கும் விரிவாக்குங்கள். தடையை மீறி ஆயுதம் அனுப்பும் நாடு எதுவாயினும், அது தங்களில் ஒருவருக்கு நட்பு நாடாகவே இருந்தாலும், அதன் பெயரைத் திறந்த அமர்வில் சொல்லி அதன்மேல் நடவடிக்கை எடுங்கள்.