கான்கிரீட்டுக்குள்ள போன பைப்ப எப்படி சார் அளக்கிறது? மெயின் கான்ட்ராக்டர்களுக்கு ஒரு திறந்த மடல்

பெரிய பெரிய அபார்ட்மென்ட் கட்டுற மெயின் கான்ட்ராக்டர் சார்களுக்கும், அவங்க பில்லிங் செக்ஷன்ல உக்காந்திருக்கிற க்யூஎஸ் (அளவ சரிபாத்து பில் போடுற குவான்டிட்டி சர்வேயர்) தம்பிகளுக்கும் வணக்கம்.

நான் எலக்ட்ரிக்கல் சப் கான்ட்ராக்ட் எடுக்கிறவன். சென்னைல ஓஎம்ஆர் பக்கம் பதினாறு வருஷமா இதே பொழப்பு. கம்பெனி பேர் எதுவும் இதுல எழுதல. எழுத வேண்டிய அவசியமும் இல்ல, படிக்கிற பத்து பேர்ல எட்டு பேர் "நம்மளத்தான் சொல்றான்"னு நினைச்சுக்குவீங்க.

போன செவ்வாய்க்கிழமை ஃபைனல் பில் விஷயமா உங்க ஆஃபீஸ் ஒண்ணுல மூணு மணி நேரம் உக்காந்திருந்தேன். டீ குடுத்தாங்க, குறை சொல்லக்கூடாது. அப்புறம் புதுசா வந்திருக்கிற க்யூஎஸ் தம்பி உள்ள கூப்பிட்டு, "அண்ணே, சி பிளாக்ல அஞ்சு ஸ்லாபுக்கு ஜாயின்ட் மெஷர்மென்ட் ஷீட் ஃபைல்ல இல்ல, இன்னொரு தடவ அளந்து குடுத்துடுங்க, பில்ல பாஸ் பண்ணிடலாம்"னாரு.

ஜாயின்ட் மெஷர்மென்ட் ஷீட்னா ரெண்டு தரப்பும் சேந்து அளந்து கையெழுத்து போட்ட தாள். இப்போ எத அளக்கிறது?

அந்தப் பைப் எங்க இருக்குன்னு உங்களுக்கு நல்லாவே தெரியும். கம்பி கட்டி முடிச்ச ராத்திரி எங்க பசங்க ஃபோகஸ் லைட்டு வெளிச்சத்துல கீழ் கம்பிக்கும் மேல் கம்பிக்கும் நடுவுல ஒயர் போறதுக்கான 25 எம்எம் பைப்ப விட்டு, பைண்டிங் ஒயர் போட்டு கட்டி, ஃபேன் பாக்ஸ்ல பேப்பர் திணிச்சு, விடிகாலைல உங்க இன்ஜினியர் கூட டேப் புடிச்சு அளந்து கையெழுத்து வாங்கினோம், எட்டு மணிக்கு பம்ப் வந்துச்சு, கான்கிரீட் ஊத்தியாச்சு, அதோட அந்தப் பைப்ப மனுஷன் கண்ணு பாக்கப்போறதில்ல. இப்போ அதுக்கு மேல டைல்ஸ், டைல்ஸ் மேல யாரோ ஒரு குடும்பத்தோட கட்டில். காலிங் பெல் அடிச்சு "மேடம், கொஞ்சம் கட்டில நகத்துங்க, ஸ்லாப உடைச்சு பைப்ப அளந்துட்டு போயிடறோம்"னு சொல்லட்டுமா?

என்கிட்ட ஜெராக்ஸ் இருக்குன்னேன். ஒரிஜினல் வேணும்னாரு தம்பி. ஒரிஜினல வாங்கிட்டுப் போன உங்க இன்ஜினியர் வேலைய விட்டுட்டு இப்போ தோஹால இருக்காரு, கேட்டதுக்கு "சாரிண்ணே, ஃபைல்லதான் வச்சேன்"னு வாட்ஸ்அப் அனுப்பினாரு, நல்ல பையன். சரி, இதே அளவு வேல நடக்கும்போது போட்ட மூணாவது ஆர்.ஏ. பில்ல உங்க சீலோட பாஸாகி பணமும் வந்திருக்கே தம்பின்னா, "அது வேற, இது ஃபைனல் பில் ரீகன்சிலியேஷன்"ங்கிறாரு, மொத்தக் கணக்கையும் ஒத்துப் பாக்கிறதாம். தம்பி மேல எனக்கு கோவம் இல்ல. அந்த ஸ்லாப் போடும்போது அவர் காலேஜ்ல ரெண்டாவது வருஷம் படிச்சிட்டு இருந்திருப்பார்.

கணக்கு சொல்றேன். 38 லட்சம் ஒர்க் ஆர்டர். கடைசில திருப்பித் தரோம்னு ஒவ்வொரு பில்லயும் 5 சதவீதம் ரிட்டென்ஷன்னு புடிச்சது 1,90,000. ஃபைனல் பில் 4,12,000. ஹேண்ட்ஓவர் 2023 மார்ச், குறை இருந்தா நாங்களே சரி பண்ணித் தரணும்ங்கிற ஒரு வருஷ டிஎல்பி 2024 மார்ச்சோட முடிஞ்சுது. அதுக்கப்புறம் ரெண்டு தீபாவளி வந்து போயிடுச்சு. ரெண்டு தீபாவளிக்கும் பசங்களுக்கு போனஸ் குடுத்தது என் வீட்டுக்காரம்மா செயின்தான். முத தீபாவளிக்கு அடகு வச்சோம், ரெண்டாவது தீபாவளிக்கு வட்டிய கட்டி மாத்தி வச்சு மேல கொஞ்சம் வாங்கினோம். தங்கம் விலை ஏறினதுல எனக்கு கிடைச்ச ஒரே லாபம் அதுதான். கல்யாணத்துக்கு போகும்போது அவங்க கவரிங் போட்டுக்கிறாங்க, யாருக்கும் தெரியாதுன்னு நினைக்கிறாங்க, அவங்க அக்காவுக்கு தெரியும்.

நான் பணத்த இன்னைக்கே வைங்கன்னு கூட கேக்கல சார். என்னைக்கு வரும்னு ஒரு தேதி. உங்க லெட்டர்ஹெட்ல, கையெழுத்தோட. அவ்வளவுதான் கேக்கிறேன்.

"கிளையன்ட் எங்களுக்கே இன்னும் ரிலீஸ் பண்ணல"ன்னு சொல்லுவீங்க. கிளையன்ட் கூட நான் அக்ரிமென்ட் போடலியே. ஒயர் கடைக்காரர்கிட்ட போய் எனக்கு வரல, உனக்கு தரலன்னு நான் சொல்ல முடியுமா? சனிக்கிழமை சாயங்காலம் சம்பளத்துக்கு நிக்கிற பசங்ககிட்ட?

சட்டம் எங்க பக்கம்தான் இருக்குன்னு சொல்றாங்க. சிறு, குறு, நடுத்தர தொழில்களுக்கான 2006 எம்எஸ்எம்இ சட்டத்துப்படி அக்ரிமென்ட்ல என்ன எழுதியிருந்தாலும் 45 நாளுக்கு மேல இழுக்கக்கூடாது, இழுத்தா ரிசர்வ் பேங்க் ரேட்ட போல மூணு மடங்கு வட்டி, அதுவும் மாசாமாசம் கூட்டு வட்டி. கேக்க எவ்வளவு இனிப்பா இருக்கு. கேஸ் போட்டா "இது ஒர்க்ஸ் கான்ட்ராக்ட், பொருளும் வேலையும் சேந்த ஒப்பந்தம், அந்த சட்டத்துல வராது"ன்னு உங்க வக்கீல் நிப்பாரு, கோர்ட்டுல அந்த வாதம் எடுபட்டும் இருக்கு. 2024 ஏப்ரல்ல இருந்து சின்ன கம்பெனிகளுக்கு டைமுக்கு பணம் தரலைன்னா அந்த செலவ அந்த வருஷ கணக்குல கழிக்க முடியாதுன்னு இன்கம்டாக்ஸ்லயும் கொண்டு வந்தாங்க, அதுக்கு உங்கள்ல ஒருத்தர் கண்டுபுடிச்ச வழி என்ன தெரியுமா, என்னைக் கூப்பிட்டு "உதயம் ரிஜிஸ்ட்ரேஷன கேன்சல் பண்ணிடேன்பா, அடுத்த ஒர்க் ஆர்டர் தரோம்"னாரு. உதயம்னா சின்ன கம்பெனின்னு அரசாங்கத்துல பதிவு பண்றது, அது போயிட்டா நான் அந்தக் கணக்குலயே வரமாட்டேன். அன்பாத்தான் சொன்னாரு.

இந்த லட்சணத்துல, இன்வாய்ஸ் குடுத்தாதான் பில்ல கையில வாங்குவோம்னு வாங்கிட்டீங்க, அதுக்கு 18 சதவீதம் ஜிஎஸ்டிய அடுத்த மாசம் 20ஆம் தேதிக்குள்ள என் கைக்காச போட்டு கட்டிட்டேன். நான் கட்டின அந்த வரிய உங்க வரில கழிச்சுக்கிற கிரெடிட்ட நீங்க எடுத்திருப்பீங்க. 180 நாளுக்குள்ள எனக்கு பணம் தரலைன்னா அத வட்டியோட திருப்பி கட்டணும், கட்டினீங்களான்னு உங்க ஆடிட்டருக்குத்தான் வெளிச்சம்.

எங்க பில்ல இருந்து காச கழிக்க நீங்க போடுற டெபிட் நோட் பத்தி எழுதுனா விடிஞ்சிடும். டைல்ஸ்காரர் போட்ட குப்பைக்கு எனக்கு 9,400 டெப்ரிஸ் கிளியரன்ஸ். 14 வீட்டு கிச்சன்ல டிராயிங் மாறிப்போச்சுன்னு சுவத்த வெட்டி பாக்ஸ் மாத்தினோம், "வேலைய முடிங்க, பில்ல சேத்துக்கலாம்"னு வாயால சொன்னவங்க, பில் வந்ததும் அப்ரூவல் மெயில் எங்கன்னாங்க. சரி விடுங்க, அது வேற கதை.

இவ்வளவு பேசுறவன் பேர போட்டு எழுத வேண்டியதுதானன்னு கேப்பீங்க. அதயும் சொல்லிடறேன். எங்க மாதிரி சப் கான்ட்ராக்டர்களுக்கு டெலகிராம்ல ஒரு குரூப் இருக்கு, யார் பணம் தராங்க, யார் இழுக்கிறாங்கன்னு ஒருத்தருக்கொருத்தர் சொல்லிக்க. சேந்த புதுசுல எல்லாரும் கம்பெனி பேரத்தான் யூசர்நேமா வச்சிருந்தோம், கூடவே லக்கி நம்பர், விசிட்டிங் கார்டு மாதிரி, நாலு பேருக்கு தெரிஞ்சா வேல வரும்னு. நான் ஒரு நாள் பேமென்ட் லேட்டுன்னு ஒரு வரி போட்டேன், திட்டல, சும்மா லேட்டுன்னு. மறுநாள் காலைல பர்ச்சேஸ்ல இருந்து போன். "நீங்கதான அது?" அதோட ரெண்டு என்கொயரி நின்னு போச்சு.

பிளம்பிங் பண்ற நண்பர் உஷாரா இருக்கேன்னு பொண்ணு பேர வச்சு பின்னாடி பைக் நம்பரோட நாலு இலக்கத்த போட்டாரு. பைக் தினமும் உங்க சைட் கேட்ல தான நிக்குது, செக்யூரிட்டி ரெஜிஸ்டர்லயே நம்பர் இருக்கு. மாட்டிக்கிட்டாரு. இப்போ குரூப்ப பாத்தா சிரிப்பு வரும். ஒருத்தர் 'நாளைக்கு_வாங்க', ஒருத்தர் 'மேனேஜர்_மீட்டிங்ல', பெயின்டிங் அண்ணன் 'டெபிட்நோட்_தாசன்'. டெலகிராம்ல யூசர்நேம் ஆங்கில எழுத்துலதான் வைக்க முடியும், அதனால இத எல்லாம் இங்கிலீஷ்ல எழுதி, கூட்டி வாசிச்சு, சிரிச்சு. சின்ன வயசுல ஹீரோ பேர வச்சு பின்னாடி ஒரு நம்பர் போட்டு சுத்தினவங்க நாங்க, நம்மள எல்லாருக்கும் தெரியணும்னு. இப்போ யாருக்கும் தெரியக்கூடாதுன்னு பேர் தேடுறோம், அதுவும் எங்க பணத்த நாங்க கேக்கிறதுக்கு.

கோவத்துல எங்கயோ போயிட்டேன், மன்னிக்கணும். கேக்க வந்தது ஒண்ணுதான். ஃபைல்ல ஷீட் காணோம்னா அது உங்க ஃபைல், என் ஜெராக்ஸயும் உங்க சீல் போட்ட ஆர்.ஏ. பில்லயும் ஒத்துக்கிட்டு ஃபைனல் பில்ல முடிச்சு குடுங்க. முடியாதுன்னா முடியாதுன்னு எழுத்துல குடுங்க. முடியும்னா எந்த தேதின்னு எழுத்துல குடுங்க. தயவு செஞ்சு தேதி போடுங்க சார், "பாத்துட்டு சொல்றோம்" வேண்டாம்.

அப்புறம், சி பிளாக் 11வது மாடி காரிடார்ல சென்சார் லைட்டு எரியலன்னு நேத்து உங்க ஃபெசிலிட்டி ஆஃபீஸ்ல இருந்து போன் பண்ணாங்க. டிஎல்பி முடிஞ்சு போச்சுதான், இருந்தாலும் வயசானவங்க நடக்கிற இடம். வெள்ளிக்கிழமை காலைல பையன அனுப்புறேன், கேட்ல சொல்லி வைங்க.

இப்படிக்கு,
'ஸ்லாப்குள்ள_பைப்'