ஆண்டறிக்கை 2024–25: நான்கு பயணம், 60 டம்ளர்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, நிர்வாகக் குழு நண்பர்களே, குடும்பத்தோடு வந்திருக்கும் உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

வழக்கமான விஷயங்களை முதலில் முடித்துவிடுகிறேன். 2025 மார்ச் முடிய நம் குடியிருப்போர் நலச் சங்கத்தில் 186 குடும்பங்கள். போன வருடத்தைவிட 7 கூடுதல். செயற்குழு 10 முறை கூடியது. அதில் இரண்டு முறை ஆள் போதாமல் டீ குடித்துவிட்டுக் கலைந்தோம். மூன்றாவது தெருச் சாக்கடை போன வருடம் எப்படி இருந்ததோ அப்படியே இருக்கிறது. இந்த ஆண்டு நம்மை விட்டுப் பிரிந்த மூன்று மூத்த உறுப்பினர்களுக்குச் சங்கத்தின் அஞ்சலி.

மீதி அறிக்கை முழுக்கப் பயணங்களைப் பற்றித்தான். சென்ற ஆண்டு ஏப்ரல் பொதுக்குழுவில், சங்கம் நடத்தும் எந்தப் பயணத்திலும் ஒரு தடவை பயன்படுத்தி வீசுகிற பிளாஸ்டிக் இருக்கக் கூடாது என்று தீர்மானம் போட்டோம். எல்லோரும் கை தட்டினோம். கை தட்டிய கையோடு பேப்பர் கப்பில் டீ குடித்தோம். அப்போது யாருக்கும் ஒன்றும் தோன்றவில்லை. அடுத்த செயற்குழுவுக்கு நம் பொருளாளர் ஒரு கிண்ணத்தோடு வந்தார். இரவு முழுக்கத் தண்ணீரில் ஊறிய கப் ஒன்று அதில் கிடந்தது. காகிதத்தைக் கூழாக உரித்துப் போட்டார். உள்ளே கப் வடிவத்திலேயே ஒரு மெல்லிய பிளாஸ்டிக் தோல் மிஞ்சியது. தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை செய்யப்பட்ட 14 பொருட்களில் பிளாஸ்டிக் பூச்சுள்ள கப்பும் ஒன்று. தண்ணீர் பாக்கெட், உறிஞ்சுகுழல், சாப்பாடு கட்டும் பிளாஸ்டிக் தாள், தெர்மாகோல் தட்டு எல்லாம் அதே பட்டியலில்தான் இருக்கின்றன. சட்டம் வந்து ஐந்து வருடம் கழித்து, எதிர்த்துத் தீர்மானம் போடும் கூட்டத்திலேயே அதைப் பயன்படுத்தியிருக்கிறோம்.

சரி, பயணத்துக்கு வருகிறேன்.

2024 மே கடைசியில் ஊட்டி. ஒரு பஸ், 52 பேர். அதற்கு முந்தைய வருட ஊட்டிப் பயணத்துக்கு 10 பெட்டி தண்ணீர் பாட்டில் ஏற்றினோம், பெட்டிக்கு 12. அத்தனையும் குடித்துத் தீர்த்தோமா என்றால் இல்லை. சீட்டில் வைத்த பாதிப் பாட்டில் யாருடையது என்று தெரியாமல் ஆளாளுக்குப் புதிதாகத் திறந்ததுதான் பாதி. அதனால் இந்த முறை குழாய் வைத்த 40 லிட்டர் எவர்சில்வர் டிரம் இரண்டும், கைப்பிடி வைத்த சில்வர் டம்ளர் 60-ம் வாங்கினோம். டம்ளர் ஒவ்வொன்றிலும் 1 முதல் 60 வரை எண் வெட்டிக் கொடுத்தோம். எண் இருந்தால் "இது என் டம்ளர்" என்கிற பேச்சு வராது.

கல்லாறில் இ-பாஸ் காட்டிவிட்டு மலை ஏறினோம். அந்த மே 7-ஆம் தேதிதான் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் வந்திருந்தது. குன்னூர் சாலையில் 14 கொண்டை ஊசி வளைவு. மூன்றாவது வளைவிலேயே ஒரு டிரம்மின் குழாய் சீட்டுக் காலில் இடித்துத் திறந்துகொண்டது. முன்னால் உட்கார்ந்திருந்தவர்கள் பாட்டுப் பாடிக்கொண்டிருந்தார்கள். பின்னால் செருப்பெல்லாம் மிதந்துகொண்டிருந்தது. நாங்கள் கவனிப்பதற்குள் 30 லிட்டர் போய்விட்டது.

பர்லியாறு சோதனைச் சாவடியில் பைகளைத் திறக்கச் சொன்னார்கள். உறுப்பினர்களே, இதை மறைக்காமல் எழுத வேண்டும்: முதலில் மாட்டியது செயலாளரின் பை. ஒரு குளிர்பான பாட்டிலும், பாலித்தீன் கவரில் சுற்றிய இட்லியும். என் வீட்டில் கட்டிக் கொடுத்தார்கள் என்று சொல்லலாம்தான். ஆனால் தீர்மானத்தைத் தட்டச்சு செய்தவன் நான். பாட்டிலையும் கவரையும் வாங்கிக்கொண்டு, இட்லியை என் கையிலேயே கொடுத்தார்கள். இரண்டு கையிலும் இட்லியோடு பஸ் ஏறிய படம் நம் வாட்ஸ்அப் குழுவில் இன்னும் சுற்றுகிறது.

நீலகிரிக்கு இந்தச் சோதனையெல்லாம் புதிதல்ல. 2000 வாக்கில் அங்கே கலெக்டராக இருந்த சுப்ரியா சாஹு காலத்திலேயே பிளாஸ்டிக் ஒழிப்பு இயக்கமாகத் தொடங்கிவிட்டது. இப்போது சாலையோரம் காசு போட்டால் தண்ணீர் தரும் இயந்திரங்கள் இருக்கின்றன. நாங்கள் நிறுத்திய இடத்தில் அது ஓடவில்லை. பக்கத்து டீக்கடைக்காரர் காய்ச்சி ஆறிய தண்ணீரால் டிரம்மை நிரப்பிக் கொடுத்தார். காசு வாங்க மறுத்ததால் 52 பேரும் அவரிடமே டீ குடித்தோம், நம் டம்ளரில்.

மதியச் சாப்பாட்டுக்கு அவரவர் தட்டு. அதன் மேல் வட்டமாக நறுக்கிய வாழை இலை. இந்த யோசனை ஐந்தாவது தெரு அம்மா ஒருவருடையது. இலையை எடுத்துவிட்டால் தட்டைக் கழுவவே வேண்டாம். எச்சில் இலையைக் காட்டில் வீசினால் குரங்குகள் பிய்த்துப் போடும் என்பதால் சாக்கில் கட்டி ஈரோட்டுக்கே கொண்டுவந்தோம்.

ஆனால் டம்ளரைக் கழுவ வேண்டுமே. இரவு 11 மணிக்கு சங்கக் கட்டடக் குழாயடியில் மூன்று பெண்கள் உட்கார்ந்து கழுவினார்கள். நாங்கள் டிரம்மை இறக்கி வைத்துவிட்டு வீட்டுக்குக் கிளம்பினோம். அடுத்த கூட்டத்தில் ஓர் அக்கா எழுந்து, "ஏனுங்க செயலாளருங்களே, தீர்மானம் போடறது நீங்க, கழுவறது நாங்களா?" என்று கேட்டார். பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. யோசித்துப் பார்த்தால் இந்த விவகாரமே இதில்தான் இருக்கிறது. வீசி எறிகிற கப் வந்ததே கழுவுகிற வேலையைத் தவிர்க்கத்தான். கப்பை நிறுத்தினால் அந்த வேலை திரும்பி வரும். யார் தலையில் வரும் என்பதை முதலிலேயே பேசாவிட்டால் தீர்மானம் ஒரு பயணத்தோடு படுத்துவிடும். அன்று முறைப்பட்டியல் போட்டோம்: முதல் முறை நிர்வாகக் குழு, அப்புறம் தெரு வாரியாக ஆண்கள். முதல் தடவை நான் கழுவிய டம்ளர்களைப் பொருளாளர் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

ஊட்டியிலிருந்து திரும்பியபோது நான்கு டம்ளர் குறைந்தது. நீலகிரியில் 2022 முதல் மதுக் கடைகளில் பாட்டிலுக்கு 10 ரூபாய் கூடுதலாக வாங்கி, காலிப் பாட்டிலைக் கொடுத்தால் திருப்பித் தருகிறார்கள். இதை நம் உறுப்பினர்கள் எப்படித் தெரிந்துகொண்டார்கள் என்று யாரும் கேட்க வேண்டாம். அந்த யோசனைப்படி நாமும் டம்ளருக்கு 50 ரூபாய் முன்பணம் வைத்தோம். அதற்கப்புறம் மூன்று பயணத்தில் தொலைந்தது ஒன்றே ஒன்று.

டிசம்பரில் சபரிமலை, 31 சாமிகள். அந்தக் கோயில் பெரியார் புலிகள் காப்பகத்துக்குள் இருக்கிறது. இருமுடியில் பிளாஸ்டிக் கூடாது என்பது ஏற்கெனவே உள்ள விதி. இந்த மண்டல காலத்தில் கற்பூரம், ஊதுபத்தி, பன்னீர் கூட வேண்டாம், மேலே குப்பையாகத்தான் சேர்கிறது என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். நம் குருசாமி ஐயாவுக்கு இதில் வருத்தமே இல்லை. "நெய்யத் தேங்காய்க்குள்ள அடைச்சு எடுத்துட்டுப் போற யாத்திரை கண்ணு இது. கவர் எப்ப வந்துச்சு?" என்றார். நான்காவது தெருவில் தையல் வைத்திருக்கும் சகோதரிகள் ரவிக்கைத் துணி ஓரங்களில் சின்னச் சின்னச் சுருக்குப்பை தைத்துக் கொடுத்தார்கள். அரிசி, வெல்லம், மிளகு எல்லாம் அதில் ஒழுங்காக இருந்தன. மஞ்சள் மட்டும் துணியில் கசிந்து, பம்பை போய்ச் சேர்வதற்குள் பாதி இருமுடி மஞ்சளாகிவிட்டது. ஈரோட்டுக்காரர்களுக்கு மஞ்சள் பொட்டலம் கட்டத் தெரியவில்லை என்று பக்கத்துக் குழு சாமிகள் சிரித்தார்கள். இனி மஞ்சளைக் காகிதத்தில் மடித்துத்தான் பையில் போட வேண்டும். நெய்யையும் கடையில் பாட்டிலாக வாங்காமல் வெண்ணெய் உருக்கிக்கொள்ளலாம் என்று ஐயா சொல்லியிருக்கிறார்.

இந்தப் பயணத்தில் ஒரு சறுக்கல். விடியற்காலை 3 மணிக்கு வழியில் நிறுத்தினோம். டம்ளர் மூட்டை பஸ் டிக்கியில், அதன் மேல் எல்லோருடைய பைகளும். தூக்கக் கலக்கத்தில் 31 பேரும் பேப்பர் கப்பில் குடித்தார்கள், நானும்தான். டம்ளர் கைக்கெட்டும் இடத்தில் இல்லையென்றால் இல்லாததுபோலத்தான்.

அந்தப் பாடம் தைப்பூசத்துக்கு உதவியது. இந்த முறை பூசம் பிப்ரவரி 11. காங்கயம், தாராபுரம் வழியாகப் பழனி பாதயாத்திரை போன 40 பேரும் டம்ளரின் கைப்பிடியில் கயிறு கோத்து இடுப்பிலேயே கட்டிக்கொண்டோம். நடக்க நடக்க இடுப்புச் சாவியிலும் பெல்ட்டிலும் பட்டு டங் டங் என்று ஒரே சத்தம். வழியில் மோர் ஊற்றுபவர்கள் சத்தம் கேட்டே திரும்பிப் பார்த்தார்கள். பலருக்குச் சந்தோஷம், கப் மிச்சம். ஒரு பந்தலில் மட்டும், "கப்புலயே வாங்கிக்குங்க சாமி, டம்ளர்ல ஊத்துனா அளவு தெரிய மாட்டீங்குது" என்றார்கள். அதுவும் நியாயம்தான், நம் டம்ளர் அவர்கள் கப்பைப் போல இரண்டு மடங்கு. பாதி ஊற்றினால் போதும் என்று சொல்லி வாங்கிக்கொண்டோம். தாராபுரம் தாண்டிச் சாலையோரம் முழுக்கக் கப்பும் தட்டும்தான். அதில் ஆடுகள் வாய் வைத்துக்கொண்டிருந்தன. பக்தியோடு கொடுத்ததும் பக்தியோடு வாங்கியதும் அங்கே கிடந்தன. தொலைந்த அந்த ஒரு டம்ளர், எண் 17, இந்த யாத்திரையில்தான். முருகன் வைத்துக்கொண்டதாகச் சம்பந்தப்பட்டவர் சொல்கிறார். முன்பணம் 50 ரூபாய் சங்கக் கணக்கில் வரவு.

மார்ச்சில் நம் இளைஞர்கள் 11 பேர் வெள்ளியங்கிரி ஏறினார்கள். பூண்டி அடிவாரத்தில் வனத்துறையினர் ஒவ்வொரு பாட்டிலுக்கும் 20 ரூபாய் வாங்கி ஸ்டிக்கர் ஒட்டுகிறார்கள். இறங்கி வந்து பாட்டிலைக் காட்டினால் பணம் திரும்பக் கிடைக்கும். ஏழு மலைக்கு எவர்சில்வர் பாட்டில் கனம் என்று வீட்டிலிருந்த பழைய பாட்டில்களையே நிரப்பிப் போனார்கள். அதில் தப்பில்லை என்பது என் கருத்து, புதிதாக வாங்கவில்லையே. பிஸ்கட்டையும் கடலை மிட்டாயையும் உறை பிரித்துத் தூக்குப்போசியில் கொட்டிக்கொண்டார்கள். ஒருவனுடைய பாட்டில் வழியில் உருண்டு போய்விட, ஏறிய படியெல்லாம் இறங்கிப் போய் எடுத்து வந்திருக்கிறான். நான் பிளாஸ்டிக் பற்றிப் பேசும்போது ஒருநாளும் செல்போனிலிருந்து தலை நிமிராத பையன். அந்த 20 ரூபாய்க்கு அவ்வளவு பலம்.

இந்த ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றம் பிளாஸ்டிக் தடையை மேற்குத் தொடர்ச்சி மலைப் பகுதிகளுக்கும் விரித்திருக்கிறது. நாம் போகும் மலைகள் பெரும்பாலும் அதற்குள்தான் வரும். எனவே அடுத்த ஆண்டு என் பையையும் முன்கூட்டியே சோதித்துவிடுங்கள்.

கணக்கு: டிரம் இரண்டு 6,400 ரூபாய், டம்ளர் 2,700, உடைந்த குழாய்க்கு மாற்று 180. ஆக 9,280. பாட்டில், கப், தட்டு வாங்காததில் மிச்சம் சுமார் 4,000. ஒரே வருடத்தில் போட்ட பணத்தை எடுத்துவிட்டோம் என்று சொன்னால் பொருளாளர் சிரிப்பார். இன்னும் இரண்டு வருடத்தில் சரியாகிவிடும், டம்ளர்கள் இருந்தால். கையிருப்பு 55 டம்ளர்.

புதிய டிரம் குழாய்க்கு மரச்சட்டம் அடித்துக் கொடுத்த உறுப்பினருக்கும், பைகள் தைத்த சகோதரிகளுக்கும், இலை நறுக்கிய அம்மாவுக்கும் சங்கத்தின் நன்றி. ஆகஸ்ட் முதல் ஞாயிறு கழுவும் முறை இரண்டாவது தெருவுக்கு.

கடைசியாக ஓர் அறிவிப்பு. பாதயாத்திரை முடிந்த நாளிலிருந்து இரண்டு அடுக்குத் தூக்குப்போசி ஒன்று என் வீட்டில் இருக்கிறது. மூடியில் 'சு.ப.' என்று வெட்டியிருக்கிறது. உரியவர் வந்து வாங்கிக்கொள்ளவும். உள்ளே இருந்த புளிசாதத்துக்குச் சங்கம் பொறுப்பல்ல.

இப்படிக்கு,
செயலாளர்