கோடிட்ட இடத்துக்கான துப்பு கோட்டுக்கு அப்பால் இருக்கிறது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அரசுப் பணிக்கான குரூப் 4 தேர்வு நெருங்கினால் தருமபுரி, அரூர், கிருஷ்ணகிரி கடைகளில் மாதிரி வினாத்தாள்கள் கட்டுக்கட்டாக வந்து இறங்குகின்றன. அவற்றில் ‘பொருத்தமான சொல்லைத் தேர்ந்தெடுத்து நிரப்புக’ பகுதிக்குப் பின்னால் 1-ஆ, 2-ஈ என்று ஓர் அட்டவணை மட்டும் இருக்கும். ஏன் ஆ, ஏன் மற்ற மூன்றும் இல்லை என்று ஒரு வரி இருக்காது. பிள்ளைகள் விடைச் சொல்லை மனப்பாடம் செய்கிறார்கள். அதே சொற்கள் வேறு வாக்கியத்தில் வரும்போது திணறுகிறார்கள். தமிழ்ப் பகுதியில் 150-க்கு 60 எடுக்காவிட்டால் மற்ற பகுதியின் விடைகளைத் திருத்தவே மாட்டார்கள் என்பதால் இதைச் சிறிய குறை என்று தள்ள முடியவில்லை.

தமிழ் வாக்கியத்தில் வினை கடைசியில் நிற்கும். எனவே கோடு வந்ததும் நின்று, நான்கு விடைகளுக்குத் தாவுவது தவறு. முற்றுப்புள்ளி வரை போய்விட்டுத் திரும்ப வேண்டும். ஓர் எடுத்துக்காட்டு: ‘ஒகேனக்கல்லில் நீர்வரத்து ______ பரிசல் இயக்கத் தடை விதிக்கப்பட்டது.’ விடைகள்: அதிகரித்ததால், அதிகரித்தும், குறைந்ததால், குறைந்தும். கோடு வரை படித்தால் நான்கும் பொருந்தும். ‘தடை விதிக்கப்பட்டது’ என்ற முடிவு ‘அதிகரித்ததால்’ என்ற ஒன்றைத்தான் ஏற்கும். முடிவை ‘தடை நீக்கப்பட்டது’ என்று மாற்றுங்கள். விடை ‘குறைந்ததால்’ ஆகிவிடும். கோட்டுக்கு முன்னால் ஓர் எழுத்துகூட மாறவில்லை.

அடுத்தது வேற்றுமை உருபு. ‘கே.ஆர்.பி. அணை ______.’ விடை நிரம்பியதா, நிரப்பியதா? அணை எழுவாய், செயப்படுபொருள் இல்லை, ஆகவே நிரம்பியது. ‘மழைநீர் அணையை ______’ என்று வந்தால் ‘அணையை’ என்பதில் உள்ள ஐ உருபு ‘நிரப்பியது’ என்பதைக் கேட்கிறது. தன்வினை, பிறவினை என்று இலக்கண வகுப்பில் ஒப்பிக்கும் மாணவர் இங்கே தவறுவதற்குக் காரணம், உருபைச் சொல்லின் வாலாக நினைத்துக் கண்ணை ஓட்டிவிடுவதுதான். திருந்து–திருத்து, பரவு–பரப்பு, சேர்ந்து–சேர்த்து, அடங்கு–அடக்கு எல்லாவற்றுக்கும் இதே சோதனைதான்: ஐ ஏற்ற பெயர் இருக்கிறதா என்று தேடுவது. ஐ மறைந்து வரும் இடங்களும் உண்டு (‘தண்ணீர் நிரப்பினான்’). அங்கே ‘யார் செய்தது’ என்று கேட்டால் போதும்.

பொருள் ஒன்றுபோலத் தோன்றும் சொற்களில்தான் நல்ல மாணவர்களும் விழுகிறார்கள். குறைதல் என்ற ஒரே கருத்துக்கு எத்தனை வினைகள் என்று பாருங்கள். வெள்ளம் வடியும், காய்ச்சல் தணியும், சூடு ஆறும், மழை ஓயும், பசி அடங்கும், கிணறு வற்றும், பாலக்கோட்டில் தக்காளி விலை இறங்கும். ‘தணிதல் = குறைதல்’ என்று பொருள் எழுதிப் படித்தவர் ‘விலை தணிந்தது’ என்று நிரப்பிவிட்டு, பொருள் சரிதானே என்று கேட்பார். பொருள் சரி; பெயரோடு சேரவில்லை. பானை வனைவது, கூடை முடைவது, கூரை வேய்வது, களி கிண்டுவது, மயில் அகவுவது எல்லாம் இப்படித்தான். ஆகவே சொற்பட்டியல் எழுதும்போது வினையைத் தனியாக எழுதக் கூடாது. அதோடு வரும் பெயரையும் சேர்த்து இரண்டு சொல்லாகவே எழுதிப் படிக்க வேண்டும்.

ல, ள, ழ பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ‘உச்சரித்துப் பார், தெரியும்’ என்று பல நூல்கள் அறிவுரை சொல்கின்றன. நம் பகுதிக்கு இது உதவாது. வாழைப்பழம் பேச்சில் ‘வாளப்பளம்’ ஆகிவிட்ட வீடுகள் நிறைய. ஓசூர், தேன்கனிக்கோட்டை, தளி பக்கம் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசும் பிள்ளைகளும் கணிசம். இன்றைய அந்த மொழிகளில் ழகரம் வழக்கில் இல்லை. ர, ற வேறுபாடு பலருடைய பேச்சில் கிடையாது. காதை நம்பினால் கரை சேர முடியாது. பக்கத்துச் சொல்லை நம்ப வேண்டும். ‘கேழ்வரகுக் கொல்லையில் ______ எடுக்க ஆள் கிடைக்கவில்லை’ என்றால் ‘கொல்லை’, ‘எடுக்க’ இரண்டும் சேர்ந்து ‘களை’ என்று சொல்லிவிடும்; கலைக்கும் கழைக்கும் (மூங்கில்) அங்கே இடமில்லை.

எல்லாத் துப்புக்கும் ஒரே வலிமை கிடையாது. ‘வனத்துறையினர் ______யமரத்தடியில் கூண்டு வைத்தனர்.’ விடைகள் புலி, புளி. வனத்துறை, கூண்டு என்ற இரண்டு சொற்களும் புலியின் பக்கம் இழுக்கின்றன. ஆனால் கோட்டை ஒட்டி நிற்பது மரம். புலிக்கு மரம் இல்லை, விடை புளி. தொலைவில் நிற்கும் சொல் தலைப்பைத்தான் காட்டும். ஒட்டி நிற்கும் சொல்தான் விடையை முடிவு செய்யும்.

பலர் கவனிக்காத இன்னொரு சாட்சி ஒற்று. ‘______ப் புத்தகம்’ என்று அச்சாகியிருந்து, விடைகள் பெரிய, இந்த, நல்ல, ஒரு என்று இருந்தால் யோசிக்கவே வேண்டாம். ‘இந்த’ என்பதற்குப் பின் மட்டுமே வல்லினம் மிகும். ஓர், ஒரு என்பதும் இவ்வளவு எளிதே. அடுத்த சொல் உயிரெழுத்தில் தொடங்கினால் ஓர். அச்சுப்பிழை மலிந்த வினாத்தாளில் இந்த ஒற்றுச் சாட்சி பொய் சொல்லும் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

இணைப்புச் சொல்லில் திசை பார்த்தால் போதும். ‘எனவே’ வந்தால் காரணம் முன்னால் இருக்கும். ‘ஏனெனில்’ வந்தால் பின்னால் இருக்கும். எதிர்பார்த்தது நடக்காவிட்டால் ‘ஆயினும்’. அறவே, ஒருபோதும், சற்றும் போன்றவை பெரும்பாலும் எதிர்மறையைத் தேடும்.

வட்டார வழக்கும் இடறும். தஞ்சைப் பக்கம் கொல்லை என்றால் வீட்டின் பின்புறம்; இங்கே அது சோளமும் கேழ்வரகும் விளையும் மேட்டு நிலம். ‘அம்மா ______க் கதவைத் தாழிட்டாள்’ என்ற வாக்கியத்தில் ‘கொல்லை’ என்ற விடையை நம் பிள்ளை முதலில் ஒதுக்குவது இயல்பு. அங்கேயும் பக்கத்தில் நிற்கும் ‘கதவு’ என்ற சொல்லைத்தான் பார்க்கச் சொல்ல வேண்டும்.

தேர்வறையில் 200 வினாவுக்கு 180 நிமிடம். ஒரு வினாவுக்கு 54 விநாடி வரும். விடைகளைக் கையால் மூடிக்கொண்டு வாக்கியத்தை முழுதாகப் படித்து, மனத்தில் தோன்றும் சொல்லை முதலில் போட்டுப் பார்ப்பதற்கு 10 விநாடி போதும். பிறகு கையை எடுத்தால் அந்தச் சொல்லோ அதன் உறவோ விடைகளில் இருக்கும். இல்லாவிட்டால் நான்கையும் ஒவ்வொன்றாக இட்டு, வாக்கியத்தை ஒவ்வொரு முறையும் கடைசி வரை படிக்க வேண்டும். பாதியில் நிறுத்திப் படிப்பதால்தான் முதல் விடையே சரிபோலத் தோன்றுகிறது.

வினா எழுதுவோர் மேலும் குறை உண்டு. ‘விவசாயி நிலத்தை ______’ என்று கொடுத்து உழுதார், விற்றார், அளந்தார், பார்த்தார் என்று நான்கு விடை தந்தால் நான்கும் சரி. ‘ஏர் பூட்டி’ என்று இரண்டு சொல் சேர்த்தால் அது வினா ஆகும். மேலே சொன்ன ஒகேனக்கல் வாக்கியத்தையே ‘தடை நீக்கப்படவில்லை’ என்று முடித்தால் ‘அதிகரித்ததால்’, ‘குறைந்தும்’ இரண்டும் பொருந்திவிடும். ‘பாறைகள் வழுக்குவதால்’ என்று காரணத்தை வாக்கியத்திலேயே வைத்துவிட்டால் ‘குறைந்தும்’ ஒன்றே மிஞ்சும். நான்கு விடைகளும் ஒரே வகைச் சொல்லாக இருக்க வேண்டும். மூன்று பெயரும் ஒரு வினையும் கொடுத்தால் மாணவர் பொருளைப் படிக்காமலே விடை சொல்லிவிடுவார். எழுதியவர் தாமே சரிபார்க்கக் கூடாது. விடை தெரியாத இன்னொருவரிடம் கொடுத்து, தவறான மூன்றையும் ஏன் ஒதுக்குகிறார் என்று சொல்லச் சொல்ல வேண்டும். ஏதாவது ஒன்றை ஒதுக்கக் காரணம் கிடைக்காவிட்டால் வாக்கியத்தை மாற்றி எழுத வேண்டும்.

தங்கள் நாளிதழிடம் ஒரு வேண்டுகோள். 1953-இல் அமெரிக்காவில் வில்சன் டெய்லர் என்பவர், ஒரு பத்தி படிக்க எவ்வளவு எளிது என்று அளக்க, குறிப்பிட்ட இடைவெளியில் சொற்களை நீக்கிவிட்டு வாசகரை நிரப்பச் சொன்னார். அதற்கு ‘க்ளோஸ்’ முறை என்று பெயர். ஐந்து சொல்லுக்கு ஒன்று நீக்குவது ஆங்கிலத்தில் வழக்கம். ஒரே சொல்லில் உருபும் காலமும் பாலும் ஏறி நிற்கும் தமிழுக்கு அது அதிகம். எட்டுக்கு ஒன்று போதும், உருபை அச்சிலேயே விட்டுவைக்கலாம். வாரம் ஒரு முறை மாவட்டச் செய்திப் பக்கத்திலிருந்து 100 சொல் கொண்ட ஒரு செய்தியை இப்படி வெளியிடுங்கள். அணை நீர்மட்டம், மாங்கூழ் ஆலை, பட்டுக்கூடு ஏலம், யானை நடமாட்டம் என்று பிள்ளைகளுக்குத் தெரிந்த செய்தியாக இருக்கட்டும். மறுநாள் விடை தரும்போது எழுத்தை மட்டும் தராமல், எந்தச் சொல் துப்பு என்பதையும் அடிக்கோடிட்டுத் தாருங்கள். ஒன்றுக்கு மேற்பட்ட சொல் பொருந்தினால் அவற்றையும் ஏற்று அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
தமிழாசிரியர்கள் சிலர்,
பாலக்கோடு வட்டம், தருமபுரி மாவட்டம்.